நரம்பு தீர்ந்துபோன உடம்பு

பூதலூர்ப் பக்கம் உடம்பில் ரத்தம் ஓடுகிற குழாய்க்கெல்லாம் நரம்பு என்றுதான் பெயர். 'நரம்பு கெடைக்கல', 'நரம்பு சுருண்டுகிச்சி', 'நரம்புல ஊசி ஏற மாட்டேங்குது' என்றுதான் பேசுவோம். எம்.ஏ. வகுப்பில் நான் படித்த நரம்பு யாழில் இருந்தது. பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் நரம்பு என்பது மூளையின் சேதியைக் கொண்டுபோவது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. எங்கள் தெருவில் சிரை என்றால் சவரக்கத்தியைத்தான் நினைப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையிலும் நரம்பு என்றே எழுதுகிறேன். வலியை அனுபவிக்கிறவர்கள் வைத்த பெயர் அது.

எழுத வந்த விஷயம் இது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு முறை அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் பண்ணி உள்ளே அனுப்புகிறார்கள். டயாலிசிஸ். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெஷினைப் பற்றிப் பேசுகிறார்கள், திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், கட்டில் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். மெஷினுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு வழி வேண்டுமே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெஷின் இருக்கும், கட்டில் இருக்கும், காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கும். ரத்தம் எடுக்க நரம்பு இருக்காது. அப்படி நரம்பு தீர்ந்துபோனவர்களில் ஒருத்தி என் அக்கா.

மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி அளவுக்கு ரத்தம் கேட்கும். குளுக்கோஸ் ஏற்றுகிற சாதாரணக் கை நரம்பு அவ்வளவு கொடுக்காது. அதற்காகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவருகிற தமனியைப் பக்கத்தில் உள்ள நரம்போடு இணைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் நரம்பு புடைத்துத் தடிக்கிறது. அதற்கு பிஸ்டுலா என்று பெயர். கையை வைத்தால் விர்ரென்று அதிரும். காதை வைத்துக் கேட்டால் தூரத்து வயலில் பம்புசெட்டு ஓடுகிற மாதிரி சத்தம். ஆனால் இன்று வைத்து நாளைக்கு ஊசி போட முடியாது. பழுக்க ஆறு வாரமாவது வேண்டும். சிலருக்கு மூன்று மாதம்.

நரம்புப் பஞ்சம் இந்த வைத்தியத்தோடு கூடவே பிறந்தது. 1943இல், நாஜிகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற ஊரில் வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர் தான் செய்த செயற்கைச் சிறுநீரகத்தை மனித உடம்பில் பொருத்திப் பார்த்தார். அவருடைய முதல் நோயாளி 29 வயதுப் பெண். வீட்டு வேலைக்காரி. பன்னிரண்டு முறை மெஷினில் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புது ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. கடைசியில் திறப்பதற்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தப் பெண் செத்துப்போனாள். மெஷின் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், கழற்றாமல் கையிலேயே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். கிளைட் ஷீல்ட்ஸ் என்ற எந்திரத் தொழிலாளி அதை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் உயிரோடிருந்தார். 1966இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிரேசியாவும் சிமினோவும் ஆப்பெல் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து பிஸ்டுலாவைக் கொண்டுவந்தார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் அதைவிட நல்ல வழி வரவில்லை.

சியாட்டிலில் நடந்த இன்னொன்றையும் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷின் சில, நோயாளிகள் பலர். யாரைப் பிழைக்க வைப்பது என்று முடிவெடுக்க ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கொண்ட ஒரு குழு அமைத்தார்கள். வருமானம் என்ன, குடும்பம் என்ன, கோயிலுக்குப் போகிறவரா, படித்தவரா என்றெல்லாம் பார்த்து உயிர் கொடுத்தார்கள். 1962இல் லைஃப் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தபோது பெரிய விவாதம் நடந்தது. பத்து வருஷம் கழித்து, 1972இல், அமெரிக்க அரசே டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொள்ளச் சட்டம் போட்டது. நம் ஊரில் அப்படிக் குழு எதுவும் உட்கார வேண்டியிருக்கவில்லை. எந்தத் தெருவில் பிறந்தாய் என்பதே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. எப்படி எடுக்கிறது என்பதைத்தான் அக்காவின் உடம்பை வைத்துச் சொல்லப்போகிறேன்.

*

கிட்னி என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்தது 1984இல் என்று அம்மா சொல்லும். எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அண்ணன் மகள் லீலாவதி கொடுத்த கிட்னியை டிசம்பரில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். தெருவே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது. 1971இலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரகத்தை மாற்றிவைத்துவிட்டார்கள் என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு எங்களைப் போன்ற சனங்களுக்குக் கிட்னியோடு ஏற்பட்ட உறவு கொடுக்கிற உறவுதான். சென்னை வில்லிவாக்கம் குடிசைப் பகுதிக்கு 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூலிகள் கடனுக்காக விற்றார்கள். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. விற்க மட்டும் கிட்னி உண்டு; கெட்டுப்போனால் பார்க்க ஆளில்லை.

அக்கா நடவாள். பதினான்கு வயதில் சேற்றில் இறங்கியது. குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று நடவும் பார்க்கும். புது ஆற்றுப் பாசனம். கல்லணையில் தண்ணீர் திறந்தால் பூதலூர் வழியாகத்தான் கால்வாய் போகிறது. வயலில் இருக்கிற எட்டு மணி நேரத்தில் பெண்கள் ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இடுப்பு வலிக்குக் கடையில் இரண்டு மாத்திரை; ரொம்ப முடியாவிட்டால் செங்கிப்பட்டியிலோ திருக்காட்டுப்பள்ளியிலோ போய் ஒரு வலி ஊசி. அந்த மாத்திரைகளில் பலது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யாருமில்லை. ரத்தக்கொதிப்பு எப்போது வந்தது என்றும் தெரியாது. 2016இல் ஒரு ராத்திரி மூச்சு விட முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கிக் கிடந்தன. எதனால் என்று கேட்டதற்கு, "இவ்வளவு சுருங்குனப்பறம் காரணம் கண்டுபிடிக்க முடியாதுப்பா" என்றார் டாக்டர்.

இந்தப் பதில் எங்களுக்கு மட்டும் கிடைத்ததல்ல. ஆந்திராவில் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று பல இடங்களில் சர்க்கரை நோயோ கொதிப்போ இல்லாத கூலிக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. வெயிலில் செய்கிற உழைப்பு, தண்ணீர், மருந்து, பூச்சிக்கொல்லி என்று ஆராய்ச்சிக்காரர்கள் பல காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். முடிவான காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆட்கள் யார் என்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. குனிந்து வேலை செய்கிறவர்கள்.

நரம்புக் கதை அந்த முதல் ராத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பே நோய் தெரிந்திருந்தால் கையில் பிஸ்டுலா வைத்துப் பழுக்க விட்டிருக்கலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. வருஷாவருஷம் ரத்தம் சோதிக்கிறார்கள், கிரியேட்டினின் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், மெஷினுக்கு முன்னாலேயே கை தயாராகிவிடுகிறது. எங்கள் ஆட்கள் மூச்சு முட்டித்தான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்கள். உடனே மெஷினில் போட்டாக வேண்டும். அதற்குக் கழுத்தில் ஒரு குழாய். கழுத்து நரம்பு வழியாக விட்டு, முனை நெஞ்சுக்குள் இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அவசரத்துக்கு வைக்கிற அந்தக் குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அக்காவுக்கு வலது கழுத்தில் ஒன்றரை மாதம் இருந்தது. அது அடைத்துக்கொண்ட அன்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடது காறை எலும்புக்குக் கீழே இன்னொன்றை வைத்தார்கள்.

காறை எலும்புக்குக் கீழே போகிற நரம்பில் டயாலிசிஸ் குழாய் வைத்தால் பிற்பாடு அது சுருங்கி அடைத்துக்கொள்ளும், வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அங்கே வைக்காதே என்று மருத்துவ உலகத்துக்கு 1980களிலேயே தெரியும். வழிகாட்டு நூல்களில் எழுதியிருக்கிறது. நெஞ்சுக்குள் நாளெல்லாம் துடிக்கிற நரம்பின் சுவரில் பிளாஸ்டிக் உரசிக்கொண்டே இருக்கிறது. புண்ணாகிறது, தழும்பாகிறது, தழும்பு தடித்து வழியை மூடுகிறது. அன்று எங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று வாசிக்க விடவில்லை. நான் எம்.ஏ. என்று சொன்னேன். "எம்.ஏ.ன்னா டாக்டரா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை வாங்கிக்கொண்டு போனார் அந்த ஆள்.

*

இடது கையில் வைத்த பிஸ்டுலா மூன்று வருஷம் நன்றாக ஓடியது. 2012இல் வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்ததால் டயாலிசிஸுக்குக் காசில்லை. பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறினால் ஆலக்குடி, அடுத்து தஞ்சாவூர். வாரம் இரண்டு நாள். அக்காவுக்கு அந்தக் கைமேல் ஒரு கர்வமே இருந்தது. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "காத வச்சிக் கேளு, ரேடியோ பாடுது" என்று சொல்லும்.

2019 கடைசியில் கை வீங்க ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு முழங்கை, பிறகு தோள். வளையல் ஏறவில்லை. ரவிக்கைக் கையைப் பிரித்துத் தைத்தது. நெஞ்சிலும் தோளிலும் நீலநீலமாக நரம்புகள் கொடிமாதிரி புடைத்தன. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள். ரயில் நின்றது, பஸ் நின்றது. ஒரு குட்டியானை வண்டிக்காரத் தம்பி டீசல் காசுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டு போனான். போலீஸ் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அக்கா வீங்கிய கையைத் தூக்கிக் காட்டும். அதுதான் பாஸ்.

கொஞ்சம் தளர்ந்தபோது தூரத்து நகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கையில் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் நரம்பு ஓடுகிற பாதையைப் படமெடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகத் திரையில் காட்டிச் சொன்னார். கையிலிருந்து வருகிற நரம்பு காறை எலும்புக்குக் கீழே புகுந்து, கழுத்திலிருந்து வருவதோடு சேருகிறது. இரண்டு பக்கமும் கூடி ஒரே பெரிய நரம்பாகி இதயத்தில் விழுகிறது. அக்காவுக்கு இடது பக்கம் முழுசாக மூடிவிட்டது. வலது பக்கமும் முக்கால்வாசி அடைப்பு. கை நன்றாகத்தான் இருக்கிறது, பிஸ்டுலா நன்றாகத்தான் பாய்கிறது, போன ரத்தம் திரும்ப வழியில்லை.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது: "பாசன வாய்க்கா சரியா இருக்கு டாக்டரம்மா, வடிகாலு தூந்துபோச்சி. வயல்ல தண்ணி நிக்கிது. அதானே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதேதான். தூர் வாரிப் பாக்கலாம்" என்றார்.

தூர் வாருவது என்றால் இப்படி. மெல்லிய கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, அதன்மேல் ஒரு பலூனைக் கொண்டுபோய் ஊத வைத்து விரிக்கிறார்கள். சில பேருக்கு விரிந்த இடம் மூடாமலிருக்க உலோக வலைக்குழாய் வைக்கிறார்கள். கம்பியே நுழையாத அடைப்பை ஊசியால் குத்தித் திறக்கிறவர்களும் இருக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் செய்ய வேண்டியது, பிசகினால் நெஞ்சுக்குள் ரத்தம் கொட்டும். அக்காவுக்குப் பலூன் இரண்டு முறை. முதல் முறை ஐந்து மாதம் தாங்கியது, இரண்டாவது முறை மூன்று மாதம். வாரிய வடிகால் மறுபடி தூர்ந்துபோவது ஆற்றுப்பாசனக்காரர்களுக்குப் புதுசு இல்லை. வீக்கம் தாங்காமல் கடைசியில் அந்த பிஸ்டுலாவையே கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. ரேடியோ நின்றுபோனது. அன்றைக்கு அக்கா அழுத அழுகையை மாமா செத்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

*

மேல்வழி மூடிவிட்டால் உடம்பில் வேறு என்னென்ன வழி இருக்கிறது? நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இதை ஒருசேர யாரும் சொல்வதில்லை.

தொடை நரம்பு ஒன்று. அங்கே குழாய் வைக்கலாம். அல்லது தொடையிலேயே தமனிக்கும் நரம்புக்கும் செயற்கைக் குழாயால் இணைப்புக் கொடுக்கலாம். இடுப்புக்குக் கிட்டே இருப்பதால் கிருமி சீக்கிரம் ஏறும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் அடிவயிற்றின் பக்கத்தில் வைத்து இடுப்பு நரம்போடுதான் இணைப்பார்கள். தொடைக் குழாயால் அந்த நரம்பும் அடைத்துப்போனால் பிற்பாடு கிட்னி கிடைத்தாலும் வைக்க இடமிருக்காது. நெஞ்சில் அடைப்பைத் தாண்டி இதயம்வரை ஒரு குழாயை விட்டு, அதைத் தோளுக்குக் கீழே புதைத்த செயற்கை நரம்போடு இணைக்கிற கருவி ஒன்று 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஹீரோ என்று பெயர். நம் சனங்களுக்கு ஹீரோ திரையில்தான் வருவார். இதெல்லாம் ஆகாது என்றால் முதுகு வழி இருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே வலது பக்க இடுப்புக்கு மேலே ஊசியை விட்டு, முதுகெலும்பை ஒட்டிப் போகிற கீழ்ப் பெருநரம்புக்குள் குழாயை இறக்குவார்கள். ஈரல் வழியாகவும் இறக்கலாம். இரண்டும் கடைசி வழிகள்.

நரம்பே தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டுச் சில மணி நேரம் வைத்திருந்து வடிப்பது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அக்காவுக்கு இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

ஆனால் வீட்டைப் பார்க்க வந்தார்கள். தனி அறை வேண்டும், ஈரம் கூடாது, தூசி கூடாது, கை கழுவக் குழாய்த்தண்ணி வேண்டும். வயிற்றுக்குள் கிருமி போனால் உயிருக்கு ஆபத்து என்பதால் கேட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு ஒற்றை அறைக் காலனி வீடு. மேல்தளம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. குடியானத்தெருச் சாக்கடை முழுவதும் எங்கள் தெருவுக்குத்தான் வடிகிறது. எங்கள் தெருவிலிருந்து வடிய வாய்க்கால் இல்லை. இருந்ததைத் தூர்த்து வயலாக்கி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் வாசற்படி வரைக்கும் அந்தத் தண்ணி நிற்கும். அதற்காக நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஒரு ஆள் உயரம் வரும். வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒன்றும் சொல்லாமல் தாளில் எதையோ குறித்துக்கொண்டு போனார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது: "அங்கயும் வடிகாலு, இங்கயும் வடிகாலா தம்பி?"

ஒரு தெருவின் சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சாதி தீர்மானித்தது. அந்தச் சாக்கடை, ஒரு பெண்ணின் ரத்தம் எந்த வழியாகச் சுத்தமாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாதியும் மருத்துவமும் வேறு வேறு துறை என்று சொல்கிற நண்பர்கள் எங்கள் தெருவுக்கு ஐப்பசியில் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

வேறு வழியில்லாமல் தொடையில் குழாய் வைத்தார்கள். இரண்டாவது மாதம் மெஷினில் போட்ட அரைமணியில் உடம்பு தூக்கிப்போட்டது. குளிர் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி. அந்த வார்டில் இருந்த சிஸ்டர், "காலனிதானே நீங்க? உங்காளுங்க சுத்தபத்தமா இருந்தாத்தானே" என்றது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா, நடுங்கிக்கொண்டே, தெளிவாகச் சொன்னது: "இந்த ஆஸ்பத்திரியக் கூட்டிக் கழுவுறது யாரு சிஸ்டர்? நீங்க வச்சிருக்குற சுத்தம் எங்காளுங்க கை போட்ட சுத்தம்." ரத்தவாளியைத் தூக்கிக்கொண்டு நின்ற துப்புரவுத் தொழிலாளிப் பெண் திரும்பி அக்காவைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் அக்காவின் கட்டிலைத் தனியாக ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் போகும்.

அந்த வார்டில் மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்கு ஒரு மூலையில் தனி மெஷின் வைத்திருந்தார்கள். அதை முதலில் பார்த்தபோது எனக்குத் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளைதான் ஞாபகத்துக்கு வந்தது. விசாரித்தேன். ரத்தம் வழியாகக் கிருமி தொற்றும், அதற்காகப் பிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது, சோதனைத் தாளில் காட்ட முடிகிறது, எல்லாச் சாதிக்கும் ஒரே விதி. ஏற்றுக்கொண்டேன். தேநீர்க்கடைக்காரனிடம் எந்தச் சோதனைத் தாளும் இருந்ததில்லை. பகுத்தறிவுக்கும் தீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூலையில் எனக்குச் சுலபமாக விளங்கியது. அயோத்திதாசப் பண்டிதர் வைத்தியர் என்பதை நம்மில் பலர் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். நோயின் காரணத்தைத் தேடிப் பழகிய ஒருவர் சாதியின் காரணத்தையும் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கிட்னி கொடுக்க நான் முன்வந்தேன். ரத்த வகை சேரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கான அரசுப் பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது. காத்திருக்கிறோம். நாட்டில் கிட்னி கொடுக்கிறவர்களில் பெண்களும் வாங்குகிறவர்களில் ஆண்களும் அதிகம் என்பது எல்லா டாக்டர்களும் ஒப்புக்கொள்கிற உண்மை. மனைவி கொடுப்பாள், தாய் கொடுப்பாள். கூலிக்காரி ஒருத்திக்குக் கொடுக்க யார் வரிசையில் நிற்கிறார்கள்?

2023இல் அக்காவுக்கு முதுகு வழியாகக் குழாய் வைத்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிற ஊரைத் தேடி இரண்டு மாதம் அலைந்தோம். காப்பீட்டில் வராத செலவுக்கு மாடு போனது, அம்மாவின் தோடு போனது, தோழர்கள் வசூலித்துக் கொடுத்தார்கள். குப்புறப் படுக்கச் சொன்னபோது அக்கா டாக்டரிடம், "குனியறதும் கவுந்து கெடக்குறதும் எங்களுக்குப் புதுசா அய்யா, பண்ணுங்க" என்றதாம். குழாய் விலாப் பக்கமாக வெளியே வந்திருக்கிறது. புடவையை அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கட்டப் பழகிவிட்டது. இரண்டு முறை பழைய குழாயை எடுத்து அதே தடத்தில் புதுசு வைத்தாகிவிட்டது. இது எவ்வளவு நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறவரைக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. மகள் முடித்துவிட்டாள். இப்போது நர்சிங் முடிக்கிறவரைக்கும் என்று கணக்கைத் தள்ளி வைத்திருக்கிறது.

*

இதை அனுதாபம் தேடி எழுதவில்லை. இயக்கங்களில் இருக்கிற நாம் கூலிக்கும் நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடுகிறோம். சுடுகாட்டுப் பாதைக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை, அங்கே போகாமல் தடுக்கிற வழிக்கும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல.

நடவாட்களுக்கும் அறுப்பாட்களுக்கும் ஆண்டுக்கொரு முறை ரத்தக்கொதிப்பு, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடிகிற காரியம். கிட்னி கெடுகிறது என்று தெரிந்தால் மூச்சு முட்டுகிறவரை விடாமல் முன்கூட்டியே பிஸ்டுலா வைக்க வேண்டும். கழுத்துக் குழாய் வைத்த தேதியைப் பெரிசாக எழுதித் தொங்கவிட வேண்டும். கெடு தாண்டினால் கேள்வி கேட்க வேண்டும். காறை எலும்புக்குக் கீழே வைக்க வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அடைத்த நரம்பைத் திறக்கிற வசதி மாவட்டந்தோறும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்க வேண்டும். வண்டிச் செலவுக்கு மாடு விற்கிற நிலை இருக்கக் கூடாது. வயிற்று டயாலிசிஸ் பை கொண்டுவருகிற அரசு, அதை வைத்துக்கொள்ள ஒரு காய்ந்த அறையையும் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு ஒரு வடிகாலும் வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு. உங்கள் அப்பாவுக்கோ அத்தைக்கோ சர்க்கரையோ கொதிப்போ இருந்து, கிட்னி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அவர்கள் அதிகம் புழங்காத கையை அன்றிலிருந்தே காப்பாற்றுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடக்கை. மணிக்கட்டுக்கும் தோளுக்கும் நடுவில் அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதீர்கள். புறங்கையில் போடச் சொல்லுங்கள். பிஸ்டுலா வைத்த பிறகு அந்தக் கையில் பிரஷர் பட்டை கட்ட விடாதீர்கள், அந்தக் கையால் சுமை தூக்க விடாதீர்கள். தினமும் காலையில் அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஓடுங்கள். வார்டில் யாராவது அவசரத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுத்தால், கூச்சப்படாமல், சத்தமாகச் சொல்லுங்கள்: "இந்தக் கையில ஊசி போடாதீங்க."